டெஸ்ட்டில் மாட்டாத பொட்டலம்: கொடை இரவில் வலிப்பு வந்த ஓர் இளைஞர் – நிகழ்வு ஆய்வு

நோயாளி 20 வயது ஆண். அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, கப்பல் வேலைக்கான ஜி.பி. ரேட்டிங் பயிற்சியில் சேரக் காத்திருந்தவர். அப்பாவுக்கு மும்பை தாராவியில் சின்னப் பலசரக்குக் கடை, அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். இதற்கு முன் வலிப்பு வந்ததில்லை, இதய நோய் இல்லை, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எதுவும் இல்லை. கோயில் கொடையன்று (ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழாவன்று) இரவு திடீரென்று நடத்தை மாறி, வழியில் வலிப்பும் வந்து, பின்னிரவு ஒன்றே முக்கால் மணிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டார். ஆளை அடையாளம் காண முடியாதபடி ஊர், வயது, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதை எழுதத் தூண்டியது ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு துண்டுச் சீட்டு. சிறுநீரில் போதைப்பொருள் பரிசோதனை: கஞ்சா நெகட்டிவ், ஓபியம் வகை நெகட்டிவ், ஆம்ஃபெட்டமின் நெகட்டிவ், கோகெய்ன் நெகட்டிவ். வீட்டார் அந்தச் சீட்டைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பையன் உட்கொண்டது எதுவோ, அது அப்படி நெகட்டிவ் வரும் என்பதற்காகவே விற்கப்பட்டது, அதற்காகவே வாங்கப்பட்டது. இந்த நிகழ்வில் சிக்கலான இடம் எல்லாம் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கோயிலில் நடந்தது

ஊரில் அன்று சுடலைமாடன் கொடை. மும்பை, சென்னை, கோவை என்று பிழைக்கப் போன சனமெல்லாம் ஊர் திரும்பும் நாள். வில்லுப்பாட்டு ஓய்ந்து, சாமக்கொடைக்கு (நள்ளிரவுப் பூசைக்கு) மேளம் ஏறிக்கொண்டிருந்தபோது, பதினொன்றரை மணிபோல, பையன் கூட்டத்துக்குள் நின்றபடியே விறைத்திருக்கிறார். கண் நிலைகுத்தியது, பல்லை நறநறவென்று கடித்தார், பிறகு கைகால் உதறலும் அலறலும். கொடையில் ஒருவர் இப்படி ஆடினால் இந்தச் சீமையில் யாரும் 108-க்கு போன் போடுவதில்லை. திருநீறு பூசினார்கள், மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், "யாரு வந்துருக்கா, சொல்லும்" என்று கேட்டார்கள். அரை மணி நேரம் போயிற்று.

நிறுத்தியவர் கோயிலின் சாமிகொண்டாடி, கொடையில் அருள் வந்து ஆடுபவர். அறுபதைத் தாண்டிய மனிதர். பையனின் நெற்றியில் திருநீறு பூசப் போனவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "இது அருள் இல்லடே. மேலு அனலாக் கொதிக்கி. பேரைச் சொல்லிக் கூப்புட்டாலும் திரும்பலை. ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க" என்றிருக்கிறார். அருள் வந்தவர் மேளத்துக்குத் தக்கபடி ஆடுவார், கேட்டதற்கு வாக்குச் சொல்வார், மேளம் நின்றால் தணிவார். இந்த உதறல் மேளத்தோடு சேரவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். உடல் கொதிப்பு, நினைவுக் குழப்பம், கட்டுக்குள் இல்லாத அசைவு என்று பிற்பாடு கேஸ் ஷீட்டில் ஏறிய மூன்றையும் முதலில் சொன்னவர் அவர்தான். இந்த நிகழ்வில் காலத்தை மிச்சப்படுத்திய ஆள் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

அதற்கடுத்து நடந்தது நல்லெண்ணத்தில் செய்த கெடுதல். பையன் திமிறியதால் நாலு பேர் அமுக்கிப் பிடித்து, கட்டிலோடு சேர்த்துத் துண்டாலும் தாம்புக்கயிற்றாலும் கட்டியிருக்கிறார்கள். அப்படியே ஒரு லோடு ஆட்டோவில் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஏதோ ஓர் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன ஊசி என்று சீட்டு இல்லை. 108 வண்டி வீரவநல்லூர் தாண்டியதும் வலிப்பு வந்தது.

முதல் பார்வையில்

உடல் வெப்பம் 104.6 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 152. ரத்த அழுத்தம் 170/104. மூச்சு நிமிடத்துக்கு 30. சர்க்கரை 126. கண்மணி இரண்டும் விரிந்திருந்தன, வெளிச்சத்துக்குச் சுருங்கின. சட்டை பிழிந்தெடுக்கும் அளவுக்கு வியர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை, தொட்டால் திமிறல். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கயிற்றுத் தடம்.

நடுராத்திரியில் நினைவு தப்பிய ஓர் இளவட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் இந்தப் பக்கத்து மருத்துவருக்கு முதலில் எழும் கேள்வி, "மருந்தைக் குடிச்சிட்டானா?" என்பதுதான். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் வேலியோரத்து அரளியும் அப்படி எங்களைப் பழக்கிவைத்திருக்கின்றன. எனவே அங்கிருந்தே தொடங்கினோம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தென்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் வழியும், நெஞ்சில் களகளவென்று சளிச் சத்தம் கேட்கும், வாடையே காட்டிக்கொடுக்கும். இவரிடம் எதுவும் இல்லை. மஞ்சள் அரளிக் கொட்டையை அரைத்துக் குடித்திருந்தால் வாந்தி இருக்கும், நாடி இறங்கியிருக்கும், ஈ.சி.ஜி.யில் தடை தெரியும். இவருக்கோ இதயம் எகிறிக்கொண்டிருந்தது, ஈ.சி.ஜி.யில் வேகத்தைத் தவிர வேறு கோளாறு இல்லை.

ஏறக்குறையப் பொருந்தியது ஊமத்தை. கண்மணி விரிவது, உடல் கொதிப்பது, பிதற்றுவது எல்லாம் ஊமத்தங்காய் தின்றவரிடமும் உண்டு. ஆனால் ஊமத்தை ஆளைக் காயவைக்கும். தோல் உலர்ந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டி, குடல் ஓசை அடங்கி, சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கும். இவர் வியர்வையில் குளித்திருந்தார், வயிற்றில் காதை வைத்தால் குடல் உருண்டுகொண்டிருந்தது. வியர்வையா, வறட்சியா என்ற இந்த ஒரு வித்தியாசத்தை அக்குளில் கைவைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். எந்த இயந்திரமும் வேண்டாம். வியர்வை இருந்ததால் பார்வை வேறு பக்கம் திரும்பியது: உடலின் முடுக்கி நரம்புகளை எதுவோ முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறது.

மூளைக்காய்ச்சலையும் விட்டுவிட முடியாது. தலை சி.டி. இயல்பாக இருந்தது, கழுத்து விறைப்பு இல்லை, காலையில் எடுத்த தண்டுவட நீரும் தெளிவாக வந்தது.

சீட்டு சொன்னதும் சொல்லாததும்

சிறுநீர்க் குழாய் போட்டவுடன் வந்த சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. அதில் ஒரு பகுதி போதைப் பரிசோதனைக் கிட்டுக்குப் போனது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் நெகட்டிவ். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "எம்புள்ளைக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாதுன்னு நான் அப்பவே சொன்னம்லா டாக்டரய்யா" என்றார். சித்தப்பாவுக்குக் கோபம். "டெஸ்ட்லயே ஒண்ணுமில்லன்னு வந்துட்டு. பின்ன என்னத்துக்குத் திரும்பத் திரும்ப அதையே கேக்கிய சார்? எவனோ செஞ்சு வச்சுட்டான்."

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 'போதைப் பரிசோதனை' என்று பெயர் வைத்துவிட்டு, அதில் வராத போதையும் உண்டு என்றால் யார்தான் ஒப்புக்கொள்வார்? அந்தக் கிட் செய்யும் வேலை மிகக் குறுகியது. கஞ்சாவில் இருக்கும் டி.எச்.சி. உடலில் சிதைந்து உண்டாகும் ஒரு குறிப்பிட்ட கழிவுப்பொருளின் வடிவத்துக்கென்று செய்த எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) அந்தக் கிட்டில் இருக்கிறது. அந்த வடிவம் வந்தால் பிடிக்கும். மூளையில் அதே இடத்தில் போய் உட்கார்ந்து, பல மடங்கு அதிகமாகக் குலுக்கும் வேறு வடிவ மூலக்கூறு வந்தால் அதற்குத் தெரியாது. நெகட்டிவ் என்றால் 'நாங்கள் தேடிய நாலைந்து பொருள் இல்லை' என்று அர்த்தம். போதை இல்லை என்று அர்த்தமில்லை.

கருஞ்சிவப்புச் சிறுநீரின் மறுபகுதி உருப்படியான தகவல் தந்தது. சிறுநீரில் தோய்க்கும் சோதனைப் பட்டையில் ரத்தம் பாசிட்டிவ், நுண்ணோக்கியில் ரத்த அணு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அது ரத்தம் அல்ல, தசை நொறுங்கி வழிந்த மயோகுளோபின். தசை நொறுங்கினால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டின் கைனேஸ் 21,000-ஐத் தாண்டியிருந்தது. இருநூறுக்குள் இருக்க வேண்டியது அது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.7, பொட்டாசியம் 5.6; இரண்டும் கூடுதல். வலிப்பு, கொதிப்பு, அதோடு கட்டிய கயிற்றை எதிர்த்துத் திமிறியது, மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

பெரியம்மா மகன்

வார்டுக்கு வெளியே இரவெல்லாம் உட்காராமல் நடந்துகொண்டே இருந்த ஒருவரைச் செவிலியர்தான் கவனித்துச் சொன்னார். நோயாளியின் பெரியம்மா மகன், மும்பையில் வேலை, கொடைக்கு வந்தவர். உறவினர் நடுவில் எதைக் கேட்டாலும் "தெரியாது சார்". விடிந்ததும் அவரை மட்டும் டீக்கடைப் பக்கம் கூட்டிப்போய்ப் பேசினேன்.

"போலீஸ்ல மாட்டி விட்ற மாட்டியள்லா சார்?"

"ஏ.ஆர். என்ட்ரி ராத்திரியே போட்டாச்சு தம்பி. அதை அழிக்க என்னால முடியாது. நீ என்ன கொடுத்தன்னு சொன்னா, அவன் ரத்தத்துல எதை எதைப் பாக்கணும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் கேக்கேன்."

(ஏ.ஆர். என்பது இப்படிப்பட்ட நிகழ்வுகளைக் காவல் துறைக்காக மருத்துவமனை எழுதிவைக்கும் பதிவேடு.) பொய்யான வாக்குறுதி கொடுக்காமல் இருப்பதே இந்த மாதிரிப் பேச்சில் பாதி வேலை. கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "கஞ்சா இல்ல சார். லீகல் சாமான்தான். ஆன்லைன்ல வாங்குனது. கப்பல் மெடிக்கல்ல யூரின் எடுப்பாவன்னு அவன் எதையும் தொடமாட்டான். இது டெஸ்ட்ல மாட்டாதுன்னு நாந்தான் சொன்னேன்."

பொட்டலம் கன்னடியன் கால்வாயில் போய்விட்டது. கலாட்டா தொடங்கியதுமே தூக்கி எறிந்துவிட்டார்கள். போனில் படம் இருந்தது. பளபளக்கும் காகிதப் பை, '100 சதவீதம் மூலிகை', 'நறுமணத் தூபம்', அடியில் பொடி எழுத்தில் 'மனிதர் உட்கொள்வதற்கு அல்ல'. தயாரித்தவர் முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலும் இல்லை. மூன்று பேர் ஒரே பையிலிருந்து சிகரெட்டில் சுருட்டிப் புகைத்திருக்கிறார்கள். ஒருவர் வாந்தியெடுத்துவிட்டுத் தூங்கிப்போனார். கொண்டுவந்தவருக்கு லேசான படபடப்பு, அவ்வளவே. மூன்றாமவர் எங்கள் கட்டிலில்.

ஒரே பை, மூன்று விளைவு. அது ஏன் என்பதற்குப் பதில் இந்தச் சரக்கைத் தயாரிக்கும் முறையில் இருக்கிறது. பையில் இருக்கும் இலைக்கும் போதைக்கும் சம்பந்தம் இல்லை. எங்கோ ஆய்வகத்தில் செய்த வெள்ளைத்தூளை அசிட்டோன் போன்ற கரைப்பானில் கரைத்து, காய்ந்த இலைச் சருகின்மேல் தெளித்து உலர்த்திவிடுகிறார்கள். சில இடங்களில் சிமென்ட் கலக்கும் இயந்திரத்திலேயே புரட்டியிருக்கிறார்கள். உப்பைப் போட்டுவிட்டுக் கலக்காமல் இறக்கிய குழம்பு மாதிரி, ஒரு கரண்டி சப்பென்றிருக்கும், அடுத்தது வாயில் வைக்க விளங்காது. கிராமுக்கு எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது.

ஆய்வகத்தில் பிறந்த சரக்கு

படத்தையும் அறிகுறிகளையும் வைத்துப் பார்த்தால், அதில் செயற்கைக் கன்னபினாய்டு (கஞ்சா மூளையில் வேலைசெய்யும் அதே இடத்தில் வேலைசெய்யும் செயற்கைப் பொருள்) வகை ஒன்று இருந்திருக்க வாய்ப்பு மிகுதி. பொருள் கைக்குக் கிடைக்காததால் பெயர் சொல்லி உறுதிப்படுத்தவில்லை. கேஸ் ஷீட்டில் 'அடையாளம் காணப்படாத செயற்கைப் போதைப்பொருள், புகைத்தல் வழி' என்றுதான் எழுதினோம்.

இந்த வகையின் பூர்வீகம் கள்ளச்சந்தை அல்ல. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிளெம்சன் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜான் ஹஃப்மேன் 1990-களில் மூளையின் கன்னபினாய்டு ஏற்பிகளை (இந்தப் பொருள்கள் போய் ஒட்டும் இடங்களை) ஆராய்வதற்காக நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளையே தாங்கிய ஜே.டபிள்யூ.எச்-018 அவற்றில் ஒன்று. ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்த செய்முறையைப் படித்து யாரோ அதைத் தயாரித்தார்கள். 'ஸ்பைஸ்' என்ற பெயரில் ஐரோப்பாவில் தூபமாக விற்ற பையில் அந்த மூலக்கூறு இருப்பதை 2008 கடைசியில் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். அதுவரை வாங்கியவர்கள் மூலிகை என்றே நம்பினார்கள்.

கஞ்சாவைவிட இது ஏன் ஆபத்தாகிறது? டி.எச்.சி. மூளையிலுள்ள சி.பி.1 ஏற்பியைப் பாதியளவுக்குத்தான் தூண்டும். எவ்வளவு அதிகம் போனாலும் அதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. ஜே.டபிள்யூ.எச்-018-உம் அதன் வாரிசுகளும் அதே ஏற்பியை முழுமையாகத் தூண்டுபவை. டி.எச்.சி.க்கு உள்ள அந்த வரம்பு இவற்றுக்குக் கிடையாது. டி.எச்.சி.யைக் காட்டிலும் ஏற்பியில் பல மடங்கு இறுக்கமாக ஒட்டுகின்றன. உடல் அவற்றைச் சிதைத்த பிறகு வரும் சில கழிவுப்பொருள்களும் சும்மா இருப்பதில்லை, அவையும் தூண்டுகின்றன. கஞ்சா புகைத்துப் பழகியவர் அதே அளவு எண்ணத்தில் இதையும் இழுத்தால் எங்கே போய் நிற்பார் என்று சொல்ல முடியாது. (கஞ்சா நல்லது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கஞ்சாவால் மனச்சிதைவு முற்றி வருகிறவர்களும் இதே வார்டில்தான் படுக்கிறார்கள்.)

வெளியூர் அனுபவங்கள் சிலவற்றை அன்று மனத்தில் வைத்திருந்தோம். 2012-இல் அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் இந்தச் சரக்கைப் புகைத்த 16 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது பதிவானது, எனவே சிறுநீர் அளவை மணிக்கணக்கில் எழுதினோம். டெக்சாஸில் பதினாறு வயதுப் பையன்கள் மூவருக்கு மாரடைப்பு வந்தது 2011-இல் மருத்துவ இதழில் வெளியானது, எனவே இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் பார்த்தோம், இயல்பு. 2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரே நாளில் 33 பேர் தெருவில் சிலைபோல் நின்றதை அங்குள்ள பத்திரிகைகள் 'ஸோம்பி' என்று எழுதின. அந்தப் பையிலிருந்த மூலக்கூறு டி.எச்.சி.யைவிட 85 மடங்கு வீரியமானது என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

எனக்கு மிகவும் உறைத்தது இல்லினாய் மாநிலத்து நிகழ்வு. 2018-இல் அங்கே மூக்கிலும் ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வடிந்து 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குறைந்தது நால்வர் இறந்தார்கள். செயற்கைக் கஞ்சாவில் புரோடிஃபாகூம் கலந்திருந்தது. எலி மருந்தாகப் பயன்படும், ரத்தத்தை உறையவிடாத நஞ்சு அது. பிழைத்தவர்கள் மாதக்கணக்கில் வைட்டமின் கே மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. இலைச் சருகில் எலி மருந்தை யார் எதற்குக் கலந்தார்கள்? அடையாளம் இல்லாத பையில் என்ன இருக்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பெரியம்மா மகன் வாய் திறந்த பிறகு நாங்கள் கூடுதலாக அனுப்பிய முதல் பரிசோதனை ரத்தம் உறையும் நேரம்தான். அது இயல்பாக வந்தது. ஆனாலும் புரோடிஃபாகூம் இரண்டு மூன்று நாள் கழித்தே தன் வேலையைக் காட்டும், எனவே மறுபடியும் மூன்றாம் நாள் பார்த்தோம். அதுவும் சரியாக இருந்தது.

சிகிச்சையும் போக்கும்

இந்த வகைக்கு மாற்று மருந்து கிடையாது. ஹெராயின் போன்றவற்றுக்குத் தரும் நலாக்சோன் இங்கே உதவாது. கண்ணெதிரே இருக்கும் உடலைத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும், அது எதைப் புகைத்தது என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

முதலில் கயிற்றை அவிழ்த்தோம். உறவினருக்கு இது பிடிக்கவில்லை, "அவுத்தா குதிச்சு ஓடிருவான் சார்" என்றார்கள். கட்டிவைத்தால் திமிறுவார், திமிறினால் சூடு ஏறும், தசை மேலும் நொறுங்கும், பொட்டாசியம் உயர்ந்து இதயம் நின்றுபோகக்கூடும். கொதிக்கும் உடம்பைக் கட்டிப்போட்டே உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. கயிறு செய்ய வேண்டியதை மருந்து செய்தது: லோரசெபாம் ஊசி, தேவைக்கேற்ப மறுபடியும். வலிப்புக்கும் அதுவே மருந்து, கொதிப்பு தணியவும் அதுவே உதவும். ஆவேசமாக இருப்பவருக்கு வழக்கமாகக் கை போகும் ஹாலோபெரிடாலைத் தொடவில்லை. அது வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்திவிடும், உடல் வெப்பத்தையும் கெடுக்கும்.

காய்ச்சல் மாத்திரை கேட்டார்கள். பாரசிட்டமால் இங்கே வேலைசெய்யாது. கிருமிக் காய்ச்சலில் மூளை தன் வெப்ப அளவை உயர்த்தி வைத்துக்கொள்கிறது, மருந்து அந்த அளவை இறக்குகிறது. இங்கே மூளையின் அளவு மாறவில்லை, தசைதான் உலையாகக் கொதிக்கிறது. துணியை உருவி, உடம்பெல்லாம் ஈரத்துணி விரித்து, இரண்டு மின்விசிறி வைத்து, அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பை. முக்கால் மணி நேரத்தில் 101-க்கு இறங்கியது. தாராளமாக சலைன் ஏற்றி, மணிக்கு 200 மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் போக வைத்தோம்.

இரண்டாம் நாள் கிரியாட்டினின் 2.9, நான்காம் நாள் 4.1. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்று சொல்லி வைத்திருந்தோம். சிறுநீர் நிற்காமல் வந்துகொண்டிருந்ததாலும் பொட்டாசியம் கட்டுக்குள் இருந்ததாலும் காத்திருந்தோம். ஐந்தாம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது. மனக்குழப்பம் மூன்று நாள் நீடித்தது. வார்டில் மேளம் அடிக்கிறார்கள், நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனநல மருத்துவர் பார்த்தார். தூக்கம் சீரானதும் அந்த மேளச் சத்தம் மறைந்தது. சிலருக்கு இது வாரக்கணக்கில் போவதுண்டு, வீட்டில் மனச்சிதைவு நோய்ப் பின்னணி இருந்தால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவர் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை.

'லீகல்' என்ற சொல்லுக்குப் பின்னால்

பெரியம்மா மகன் பொய் சொல்லவில்லை. தடைசெய்யாத பொருள் என்றுதான் அவரிடம் விற்றார்கள், அவரும் நம்பினார். நம்முடைய 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பட்டியலில் பெயர் சேர்த்துத் தடுக்கும் அமைப்புடையது. மூலக்கூறின் ஒரு மூலையில் ஓர் அணுவை மாற்றினால் பட்டியலில் இல்லாத புதுப் பெயர் பிறந்துவிடும். மெஃபெட்ரோன் என்ற போதைத் தூளை 1929-லேயே செய்திருந்தார்கள். 2000-களில் அது 'செடிக்கு உரம்' என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்றது. பிரிட்டன் 2010 ஏப்ரலில் தடைசெய்தது, இந்தியப் பட்டியலில் அது ஏறியது 2015 பிப்ரவரியில். நடுவில் இருந்த ஐந்து வருடமும் இங்கே அது 'லீகல்' சரக்குதான். மூலக்கூறு அந்த ஐந்து வருடத்தில் கொஞ்சம்கூட மாறவில்லை.

'மனிதர் உட்கொள்வதற்கு அல்ல' என்ற வரியையும் வாங்குகிறவருக்கான எச்சரிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. தடைசெய்த பொருளின் சாயலில் இருக்கும் பொருளை மனிதர் உட்கொள்ளும் நோக்கில் விற்றால் குற்றம் என்று அமெரிக்கா 1986-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்த 'நோக்கம்' இல்லை என்று நீதிமன்றத்தில் காட்டுவதற்காக முளைத்த வரி அது. அங்கே வக்கீலுக்காக எழுதியது, இங்கே அம்பாசமுத்திரம் வரை பையோடு வந்து சேர்ந்திருக்கிறது.

பிரிட்டன் 2016-இல் பெயர் பார்க்காமல் மனத்தை மாற்றும் பொருள் என்றாலே தடை என்று சட்டம் போட்டது. சீனா 2021 ஜூலையில் செயற்கைக் கன்னபினாய்டுகளை ஒரு வகையாகவே தடுத்தது. ஐ.நா.வின் கணக்கில் இப்படிப் புதிதாகக் கண்டெடுத்த போதைப்பொருள்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. சட்டம் துரத்தத் துரத்த சந்தையும் வடிவம் மாற்றுகிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தையதைவிட மனித உடலில் குறைவாகச் சோதிக்கப்பட்ட பொருள்தான் வருகிறது. பழைய ஜே.டபிள்யூ.எச்-018 பற்றியாவது கட்டுரைகள் உண்டு. போன மாதம் பிறந்ததைப் பற்றி எழுத, அதைப் புகைத்துப் படுத்தவரின் கேஸ் ஷீட் மட்டும்தான் உண்டு.

அம்மாவின் கேள்வி வேறு. "எம்புள்ள மேல கேஸு வந்துருமா அய்யா?" அவரிடம் சட்டத்தில் இருப்பதைச் சொன்னேன். உட்கொண்டது பட்டியலில் உள்ள பொருள் என்றால் அதுவும் குற்றம்தான், 27-ஆம் பிரிவு. ஆனால் போதைக்கு ஆட்பட்டவர், உட்கொண்ட குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளானாலும், தானாகவே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு தர 64-ஏ பிரிவு இருக்கிறது. இந்தப் பிரிவை வீட்டார் யாரும் அறிந்திருப்பதில்லை. கேஸுக்குப் பயந்து விடியும்வரை வீட்டிலேயே வைத்திருந்து, சிறுநீர் நின்ற பிறகு கொண்டுவருகிறார்கள். இதை எழுதுவதில் எனக்குள்ள ஆத்திரம் எல்லாம் அந்தப் பயத்தின் மேல்தான்.

சக மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. கிட்டை மேலே வைத்துவிட்டுப் பேச்சைக் கீழே வைக்காதீர்கள். "ஏதாவது போதைப் பழக்கம் உண்டா?" என்று அப்பா அம்மா முன்னால் கேட்டால் இல்லை என்றுதான் வரும். கூடப் புகைத்தவன் எங்கேயாவது வாசலில் நின்றுகொண்டிருப்பான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "யார் யார் இழுத்தீங்க, மத்தவங்களுக்கு என்ன ஆச்சு, பை இருக்கா, படம் இருக்கா?" என்று கேட்டால் பதில் வரும். இந்த நிகழ்வில் எங்களுக்குக் கிடைத்த உருப்படியான தகவல் எல்லாம் ஒரு டீக்கு வந்ததுதான். பை கிடைத்தால் கையுறை போட்டு உறையில் இட்டு ஏ.ஆர். எண்ணுடன் காவல் துறையிடம் ஒப்படைத்தால், தடயவியல் ஆய்வகத்தில் பெயர் கண்டுபிடிக்க வழி உண்டு. நஞ்சுத் தகவலுக்கு எய்ம்ஸின் 1800 116 117 எந்நேரமும் எடுக்கிறார்கள். குடும்பத்தாருக்குப் போதை மீட்பு உதவி எண் 14446.

வீடு திரும்பிய பிறகு

பதினொன்றாம் நாள் கிரியாட்டினின் 1.8-உடன் வீட்டுக்கு அனுப்பினோம். ஆறாவது வாரம் 1.0. சிறுநீரில் புரதம் இல்லை. மூளை மின்பதிவு இயல்பாக இருந்ததால் வலிப்பு மாத்திரையைத் தொடரவில்லை, போதைப்பொருளால் தூண்டப்பட்ட ஒற்றை வலிப்பு என்று எழுதினோம். வலிநிவாரண மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கக் கூடாது, ஒரு வருடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனை என்று சொல்லியிருக்கிறோம்.

ஆறாவது வாரம் வந்தபோது பையன் தனியாகப் பேச வேண்டும் என்றார். "கப்பல் மெடிக்கல் ஃபார்ம்ல வலிப்பு வந்துருக்கான்னு கேக்காவ சார். என்ன எழுத?" யூரினில் மாட்டக் கூடாது என்று தேடிப் பிடித்த சரக்கு, யூரினில் மாட்டவே இல்லை. மாட்டியது படிவத்தின் வேறொரு கட்டத்தில். உண்மையை எழுதச் சொன்னேன். நடுக்கடலில் மறுபடியும் வந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை, அவருடைய உயிர் மட்டுமல்ல, கூட வேலை பார்க்கிறவர்கள் உயிரும் அதில் இருக்கிறது. எங்கள் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் மூளை மின்பதிவு அறிக்கையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். தகுதியை முடிவு செய்ய வேண்டியவர் கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவர். அவர் ஒரு வருடம் வலிப்பில்லாமல் கழிந்த பிறகு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். அதுவரை பையன் அப்பாவோடு தாராவிக் கடையில் நிற்கிறார், பெரியம்மா மகன் இருக்கும் அதே ஊரில். அதில் எனக்குச் சம்மதமில்லை என்பதை அம்மாவிடம் சொன்னேன். "அவிய அப்பா கண்ணு முன்னால இருக்கட்டும் அய்யா, இங்க என்னால பாத்துக்கிட முடியாது" என்றார். அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையை மும்பையிலேயே எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.